டெக்கீலாவும் மெஸ்காலும்: கற்றாழை மதுவைத் தேர்ந்து, முகர்ந்து, ருசிப்பது எப்படி

மெக்சிகோவில் டெக்கீலா காய்ச்சும் ஊர்களில் அடுப்பைத் திறக்கும் நாளில், வெந்த அகாவே என்ற கற்றாழையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். பழுப்பு நிறம், விரலெல்லாம் பிசுபிசுப்பு, உள்ளே கயிறு கயிறாக நார். கரும்பு மாதிரி மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனிப்பு, அதன் மேல் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு பச்சைக் கசப்பு. கற்றாழை மதுவின் உயிர் இந்தச் சுவையில்தான் இருக்கிறது. எந்த பாட்டிலை வாங்குவது, எந்தக் குவளையில் ஊற்றுவது, எவ்வளவு மெதுவாகக் குடிப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: வெந்த செடியின் சுவை உங்கள் நாக்கு வரை வந்து சேர்கிறதா, இல்லையா?

முதலில் செடி

அகாவே என்பது சோற்றுக் கற்றாழை அல்ல, கள்ளியும் அல்ல. நம் ஊரில் வேலியோரமும் ரயில் பாதை ஓரமும் முள் நுனியோடு நிற்கும் ஆனைக் கற்றாழைதான் அதன் நெருங்கிய சொந்தம். அதுவும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததே. பார்த்தவுடன் வெட்டிப் பார்க்கும் ஆசை வரலாம், வேண்டாம். பச்சை அகாவேச் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் கொப்புளமும் வரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மெக்சிகோவில் உயிரோடு நிற்கும் பெரிய அகாவேயின் நடுக்குருத்தைக் குடைந்து, ஊறும் இனிப்புச் சாற்றைத் தினமும் உறிஞ்சி எடுப்பார்கள். அது பதநீர் போல. புளித்தால் வெண்மையாக, கொழகொழவென்று புல்கே ஆகிறது. அது கள் போல. டெக்கீலா புல்கேயைக் காய்ச்சி வடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. டெக்கீலாவுக்கும் மெஸ்காலுக்கும் சாறு இறக்குவதில்லை. செடியையே வெட்டி, அதன் அடித்தண்டை வேகவைத்து, நசுக்கி, ஊறல் போட்டு, வடிக்கிறார்கள். ஒரு செடி, ஒரே அறுவடை.

அதனால்தான் காத்திருப்பு இவ்வளவு முக்கியம். டெக்கீலாவுக்கான நீல அகாவே முதிர 5 முதல் 8 ஆண்டு ஆகும். பூக்கப் போகும் காலத்தில் நடுவிலிருந்து மரம் போல ஒரு தண்டு கிளம்பும். அதை வளர விட்டால் சேர்த்து வைத்த சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும் என்பதால் முளையிலேயே வெட்டிவிடுவார்கள். பிறகு ஹிமடோர் எனப்படும் அறுவடைக்காரர், நீண்ட கைப்பிடியும் வட்டத் தகடும் கொண்ட கோவா என்ற கருவியால் மடல்களைச் சீவுவார். மிஞ்சுவது 30 முதல் 70 கிலோ எடையுள்ள ஒரு குண்டுத் தண்டு. சீவிய பின் அன்னாசியைப் போல இருப்பதால் அதற்குப் பீன்யா என்று பெயர். மடலின் பச்சை அடியை எவ்வளவு ஒட்டச் சீவுகிறார் என்பதிலும் ருசி மாறும். பச்சை அதிகம் மிஞ்சினால் மதுவில் கசப்பு ஏறும்.

அகாவேயின் விலை ஏறும் காலத்தில் 3, 4 வயதுச் செடிகளையே வெட்டுவதும் நடக்கிறது. இளஞ்செடியில் இனிப்பு குறைவு, வாசனையும் மெலிவு. ஒரே பெயர் கொண்ட டெக்கீலா சில ஆண்டுகள் கழித்து வேறு மாதிரி ருசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகும் முறையில்தான் பாதி ருசி

பச்சைப் பீன்யாவில் சர்க்கரை நேரடியாக இல்லை. ஃபிரக்டான் என்ற நீளச் சங்கிலியாகப் பூட்டிக் கிடக்கிறது. சூடு அதை உடைத்தால்தான் ஈஸ்ட்டுக்கு உணவாகும். குறைவாக வெந்தால் சர்க்கரை கிடைக்காது, பச்சை வாடை அடிக்கும். அதிகமாக வெந்தால் பாகு கருகிக் கசக்கும்.

டெக்கீலாவில் மூன்று வழிகள் உண்டு. செங்கல் அடுப்பில் நீராவி விட்டு ஒன்றரை முதல் மூன்று நாள் வரை வேகவைத்து ஆறவிடுவது பழைய வழி. ஆட்டோகிளேவ் என்பது ஒரு பெரிய பிரஷர் குக்கர், பல இடங்களில் அரை நாளில் வேலை முடியும். கவனமாக மெதுவாக ஓட்டினால் இதிலும் நல்ல டெக்கீலா வரும், இதை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மூன்றாவது, டிஃப்யூசர். பச்சைச் செடியைத் துருவி, வெந்நீர் பாய்ச்சி ஃபிரக்டானை முதலில் கழுவி எடுத்துவிட்டு, அந்தத் திரவத்தைப் பிறகு சூட்டாலோ அமிலத்தாலோ உடைக்கிறார்கள். விளைச்சல் அதிகம், செலவு குறைவு. ஆனால் நார் வேகவே இல்லையே! முதல் பத்தியில் சொன்ன அந்தக் கிழங்குச் சுவை எங்கிருந்து வரும்? டிஃப்யூசரில் எடுத்த டெக்கீலாவைத் தவிர்க்கச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

மெஸ்காலின் வழியே வேறு. தரையில் கூம்பு வடிவக் குழி. அடியில் விறகு எரித்துக் கற்களைச் செந்தணலாகச் சுட வைத்து, ஈரச் சக்கை பரப்பி, மேலே பிளந்த பீன்யாக்களைக் குவித்து, பாயும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். 3 முதல் 5 நாள் உள்ளேயே புழுங்கும். மெஸ்காலின் புகைமணம் வருவது இந்தக் குழியிலிருந்துதான். பின்னால் சேர்க்கும் பொருள் ஏதும் இல்லை.

வெந்ததை நசுக்க, உருளை ஆலை அல்லது தஹோனா. தஹோனா என்பது குழியில் வட்டமாக உருளும் பெரிய எரிமலைக் கல் சக்கரம். பழைய செக்கு நினைவுக்கு வரும். அடுத்து ஊறல். டெக்கீலாவில் பெரும்பாலும் ஈஸ்ட் சேர்த்துச் சில நாளில் முடிப்பார்கள். மெஸ்காலில் காற்றிலும் மரத்தொட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டை நம்பி, நாரோடு சேர்த்தே ஊற விடுவார்கள். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் முடிவது குளிர் காலத்தில் இரண்டு வாரமும் ஆகும். ஊறல் பதம் தாண்டினால் காடியாகிவிடும்.

டெக்கீலா குறைந்தது இரண்டு முறை வடிக்கப்பட வேண்டும். முதல் வடிப்பில் 20 முதல் 25% வரும். இரண்டாவதில் முதல்வடியையும் கடைவடியையும் ஒதுக்கி நடுவடியை எடுக்கிறார்கள். அது 55% பக்கம் நிற்கும். டெக்கீலாவில் அதைத் தண்ணீர் விட்டு 40க்கு இறக்குவார்கள். பாரம்பரிய மெஸ்கால் காய்ச்சுபவர் தண்ணீருக்குப் பதில் கடைவடியையே கொஞ்சம் கலந்து பதம் பார்ப்பார். மூங்கில் போன்ற நாணல் குழலில் உறிஞ்சி, சுரைக்குடுக்கைக் கிண்ணத்தில் பீச்சும்போது மேலே முத்து முத்தாகக் குமிழி நிற்கும். 45 முதல் 55% வரை உள்ளபோது குமிழி நன்றாக நிற்கும். அதற்கு மேலோ கீழோ போனால் சட்டென்று உடையும். பாட்டிலைக் குலுக்கி நீங்களும் பார்க்கலாம். ஆனால் அது மதுவின் காரத்தை, அதாவது ஆல்கஹால் அளவை, மட்டுமே காட்டும், தரத்தைக் காட்டாது.

லேபிளைப் படிப்பது

கடையில் நிற்கும்போது உதவுவது இதுதான். வரிசையாகப் பாருங்கள்.

“100% டே அகாவே” (100% de agave) என்ற சொற்கள் இருக்கின்றனவா? வெறுமனே “டெக்கீலா” என்று மட்டும் இருந்தால், சர்க்கரையில் குறைந்தது 51% அகாவேயிலிருந்து வந்தால் போதும், மீதி 49% வரை கரும்பு போன்ற வேறு சர்க்கரை இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. இதை மிக்ஸ்டோ என்பார்கள். டாங்கரில் ஏற்றி வேறு நாட்டில் பாட்டிலில் அடைக்கவும் மிக்ஸ்டோவுக்கு அனுமதி உண்டு. 100% அகாவே என்றால் டெக்கீலா விளையும் எல்லைக்குள்ளேயே அடைக்க வேண்டும். டெக்கீலா என்றாலே தலைவலி என்று முடிவுகட்டியவர்களில் பலர் குடித்தது மிக்ஸ்டோவாகத்தான் இருக்கும், அதுவும் ஒரே மடக்கில். இந்த ஒரு வரியைப் பார்த்து வாங்கினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, “நோம்” (NOM) என்ற எழுத்துகளோடு உள்ள நான்கு இலக்க எண். அது எந்த வடிசாலையில் செய்தது என்பதைச் சொல்கிறது. ஒரே எண்ணில் பல பிராண்டுகள் வரும். எடுத்துக்காட்டாக, தப்பாத்தியோ, எல் தெசோரோ இரண்டிலும் 1139 என்று இருக்கும். இரண்டும் அரந்தாஸ் பக்கத்து லா அல்தேன்யா வடிசாலையில் பிறந்தவை. 1493 என்றால் தெக்கீலா ஊரின் ஃபோர்த்தலேசா. ஒரு பாட்டில் பிடித்திருந்தால் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிராண்டின் பெயரைவிட அந்த எண் நல்ல வழிகாட்டி. இணையத்தில் எண்ணைத் தேடினால் செங்கல் அடுப்பா, டிஃப்யூசரா என்பதும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இடம்: டெக்கீலா என்ற பெயருக்கு 1974 முதல் பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானஹுவாத்தோ, மிச்சோவாகான், நயாரித், தமாவுலிபாஸ் மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளும் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். லோஸ் ஆல்தோஸ் என்ற செம்மண் மேட்டுநிலத்து டெக்கீலா பழமும் பூவுமாக இனிக்கும், தெக்கீலா ஊரைச் சுற்றியுள்ள எரிமலைப் பள்ளத்தாக்கினது மிளகும் மூலிகையுமாக இருக்கும் என்பார்கள். தொடக்கத்தில் உதவும் பேச்சுதான். ஆனால் பள்ளத்தாக்கு வடிசாலைகள் மேட்டுநிலச் செடியை வாங்குவதும் உண்டு என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயது: பிளாங்கோ என்பது பீப்பாயில் வைக்காதது, அல்லது இரண்டு மாதத்துக்கும் குறைவாக வைத்தது. ரெபொசாதோ குறைந்தது 2 மாதம். அன்யெஹோ குறைந்தது 1 ஆண்டு, எக்ஸ்ட்ரா அன்யெஹோ குறைந்தது 3 ஆண்டு. இவை இரண்டும் 600 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில். கடைசி வகை 2006இல்தான் சட்டத்தில் வந்தது. “ஓரோ” அதாவது தங்க நிறம் என்று எழுதியிருந்தால் அது வயதைக் குறிக்காது. பல நேரம் கேரமல் நிறமே. கிரிஸ்தலீனோ என்பது பீப்பாயில் வைத்ததைக் கரியில் வடிகட்டி நிறம் நீக்கியது. நிறத்தோடு ருசியும் கொஞ்சம் போய்விடுவதால், அதை ஈடுகட்ட இனிப்பூட்டுவதும் நடக்கிறது.

விஸ்கி குடித்துப் பழகியவர்கள் வயது கூடக் கூட உயர்வு என்று எண்ணி நேராக எக்ஸ்ட்ரா அன்யெஹோவுக்குப் போகிறார்கள். அகாவேயில் இந்தக் கணக்கு செல்லாது. செடி ஏற்கெனவே ஆறேழு ஆண்டு வெயிலில் நின்று வந்திருக்கிறது. பீப்பாயில் நீண்ட நாள் வைத்தால் வனிலாவும் ஓக்கும் மேலேறி, செடி அடியில் போய்விடும். பிளாங்கோவில்தான் ஒளிய இடமில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒன்று கவனிக்க: பீப்பாய் வகைகளில் கேரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை 1% வரை, லேபிளில் சொல்லாமலேயே சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும். கிளிசரினும் வனிலாவும் அந்த அளவிலேயே ருசியைத் தலைகீழாக்கும். உதட்டில் எண்ணெய் தடவியது போன்ற வழவழப்பும், பேக்கரி வாசலில் நிற்பது போன்ற வனிலா மணமும் ஒருசேர வந்தால் சந்தேகப்படுங்கள்.

மெஸ்கால் லேபிள்

மெஸ்கால் எப்போதும் 100% அகாவேதான். 1994 முதல் பாதுகாக்கப்பட்ட பெயர். வஹாகா மாநிலமே தலைமையிடம். கெர்ரெரோ, துராங்கோ, சான் லூயிஸ் பொத்தோசி, சக்கத்தேகாஸ், மிச்சோவாகான், புவேப்லா ஆகியவற்றிலும் காய்ச்சுகிறார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த விதி மூன்று பிரிவுகளைச் சொல்கிறது. வெறும் “மெஸ்கால்” என்றால் ஆட்டோகிளேவும் தொழிற்சாலை எந்திரங்களும் அனுமதி. “ஆர்தெசனால்” என்றால் குழி அல்லது கல் அடுப்பு, தொட்டியில் ஊறல், விறகின் நேரடிச் சூட்டில் செம்பு அல்லது மண் வடிகலன். “அன்செஸ்த்ரால்” என்றால் மண்பானையில் மட்டுமே வடிப்பு. ஆர்தெசனால் என்ற சொல்லை உங்கள் முதல் தகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

டெக்கீலாவில் ஒரே செடி. மெஸ்காலில் பல இனங்கள், அங்கேதான் இந்த உலகம் விரிகிறது. எஸ்பதீன் பயிரிட எளிது, சந்தையில் பெரும்பகுதி அதுதான். நீல அகாவேக்கு நெருங்கிய உறவு. இனிப்பு, பழம், புகை மூன்றும் அளவாக இருக்கும். தொபலா சிறிய செடி, மலைச்சரிவில் நிழலில் வளர்வது, பூமணம். குயிஷே வகைகள் நெடுந்தண்டு கொண்டவை; உலர்ந்த கட்டை, மூலிகை, மண். தெபெஸ்தாத்தே பாறை இடுக்கில் வளர்ந்து முதிர 20 ஆண்டுக்கு மேலும் ஆகும். பச்சை மிளகாயைக் கிள்ளிய வாசனை மூக்கில் ஏறும். மண்பானையில் வடித்தது எதுவாக இருந்தாலும், கோடையில் புதுப்பானைத் தண்ணீர் குடிக்கும்போது வருமே, அந்த ஈர மண்ணின் மணம் அடியில் ஓடும்.

நல்ல லேபிளில் செடியின் பெயர், ஊர், காய்ச்சியவர், தொகுதி எண், ஆல்கஹால் அளவு எல்லாம் இருக்கும். 45 முதல் 50% உள்ளதைத் தேடுங்கள். 38, 40 என்று இறக்கியவற்றில் பெரும்பாலும் புகை மட்டும் மிஞ்சி, மது வாயில் கனமின்றி மெலிந்திருக்கும். காட்டுச் செடி மெஸ்காலை எப்போதாவது, கொஞ்சமாக வாங்குங்கள். 20 ஆண்டு நின்ற செடி ஒரு வெட்டில் போகிறது. விதைக்கு விட்டு மறுநடவு செய்பவர்கள் அதைச் சொல்லியே விற்கிறார்கள்.

“தெஸ்திலாதோ தே அகாவே” என்று மட்டும் எழுதிய பாட்டிலைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். சான்றிதழ் செலவைத் தாங்க முடியாத அல்லது விரும்பாத சிறு காய்ச்சுபவர்கள் மெஸ்கால் என்ற பெயரைப் பயன்படுத்த முடியாமல் இப்படி விற்கிறார்கள். அருமையானவை சில இதில்தான் இருக்கின்றன. ஆனால் நம்பகமான கடையில், சீல் வைத்த பாட்டிலாக மட்டும் வாங்குங்கள். அகாவேயில் இயல்பாகவே மெத்தனால் கொஞ்சம் உருவாகும். டெக்கீலாவில் 100 மில்லி தூய ஆல்கஹாலுக்கு 300 மில்லிகிராம் என்று உச்ச வரம்பே உண்டு. அளந்து பார்க்காத, பெயரில்லாத பாட்டிலில் அந்தக் காப்பு இல்லை.

புழு பற்றி: அது சில மெஸ்கால்களில் போடும் அந்துப்பூச்சியின் புழு. டெக்கீலாவில் கிடையாது. 20ஆம் நூற்றாண்டில் விற்பனைக்காக வந்த வழக்கம். தரத்தின் அடையாளம் அல்ல.

மற்ற உறவுக்காரர்கள்

ரைசீயா ஹலிஸ்கோவின் மேற்கு மலையும் கடற்கரையும் சேர்ந்த பகுதியினது, 2019இல் பெயர்ப் பாதுகாப்பு பெற்றது. மணம் துணிச்சலானது: கனிந்து விரிந்த பலாப்பழமும் புளித்த தயிரும் சேர்ந்தது போல. முதல் முகர்வில் முகம் சுளிப்பவர்கள் மூன்றாவதில் தேடுவார்கள். பகனோரா சொனோரா மாநிலத்தினது. 1915 முதல் 1992 வரை தடை செய்யப்பட்டிருந்தும் மலைக்குள் மறைவாகக் காய்ச்சிக் காப்பாற்றினார்கள். மெஸ்காலைவிடப் புகை அடக்கமாக, உலர்வாக இருக்கும். வடக்கே சிவாவா, கோவாவிலா, துராங்கோ மாநிலங்களின் சொத்தோல் அகாவேயே அல்ல. தசிலிரியான் என்ற வேறு செடி. ருசியில் புல்லும் மழைக்குப் பிந்தைய மண்ணும்.

ஹலிஸ்கோவின் தெற்கிலும் அண்டை மாநிலமான கொலிமாவிலும் மரமும் செம்புத் தட்டும் கொண்ட ஒரு பழைய வடிகலன் உண்டு. அதைப் பிலிப்பைன் வடிகலன் என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் மணிலா கப்பல்களில் வந்தவர்கள் கொலிமா கரையில் தென்னங்கள் இறக்கவும், அதை வடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அகாவே வடிப்பு பரவியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கொலிமாவில் தென்னைச் சாற்றை இன்றும் தூபா என்று தெருவில் விற்கிறார்கள்.

முதல் மூன்று பாட்டில்

செங்கல் அடுப்பில் வெந்த 100% அகாவே பிளாங்கோ ஒன்று. அதே வடிசாலையின் ரெபொசாதோ ஒன்று. அப்போதுதான் பீப்பாய் என்ன செய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மூன்றாவது, எஸ்பதீன் ஆர்தெசனால் மெஸ்கால். இந்த மூன்றும் பழகிய பிறகு தொபலா, ரைசீயா என்று போகலாம். விமான நிலையக் கடையில் வாங்குபவர்கள் பாட்டிலின் அழகில் மயங்க வேண்டாம். பீங்கான் பாட்டிலுக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பில்லை.

ருசிக்கும் முறை

வயிறு காலியாக இருக்கக் கூடாது. வாயில் காபி, பாக்கு, பூண்டு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் சாம்பிராணி, வாசனைத் திரவம் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஐஸ் போடாதீர்கள்: குளிர் மணத்தைப் பூட்டிவிடும். நம் வெயிலுக்கு 22 முதல் 25 டிகிரி இருந்தால் நல்லது. அதற்கு மேல் சூடான அறையில் ஆல்கஹால் மட்டும் மேலேறி மூக்கை எரிக்கும்.

அடி அகன்று வாய் குறுகிய சிறு ஒயின் குவளை டெக்கீலாவுக்கு ஏற்றது. மெஸ்காலுக்கு வாய் அகன்ற சிறு கிண்ணம். வஹாகாவில் மெழுகுவர்த்திக் குவளையிலும் சுரைக்குடுக்கையிலும் ஊற்றுவார்கள். காரம் கூடிய மதுவில் ஆவி பரவிப் போக அகன்ற வாய் உதவுகிறது. 20 மில்லி போதும். ஊற்றி 5 நிமிடம் அப்படியே விடுங்கள்.

குவளையை மூக்குக்குள் திணிக்காமல், கன்னத்தின் உயரத்தில் பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். வாய் திறந்திருந்தால் எரிச்சல் குறையும். குவளையின் மேல் விளிம்பில் ஒரு மணம், கீழ் விளிம்பில் வேறு மணம் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் தேட வேண்டியது அந்தக் கிழங்கு. அது கிடைத்த பிறகு எலுமிச்சைத் தோல், மிளகு, புதினா, உப்புநீர் என்று ஒவ்வொன்றாக வரும்.

முதல் மடக்கு அரை டீஸ்பூன். அதை மதிப்பிட வேண்டாம். நாக்கைப் பழக்க மட்டுமே அது. வாய் முழுவதும் பரப்பி விழுங்குங்கள். எரியத்தான் செய்யும். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மடக்கு: பத்து எண்ணும் வரை வாயில் வைத்து, விழுங்கிய பின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். உண்மையான ருசி அந்த மூச்சில்தான் வரும். இங்கே அவசரப்பட்டு அடுத்த மடக்கை எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

50% தாண்டிய மெஸ்காலில் நான்கைந்து சொட்டு தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். பூவும் பழமும் திறக்கும். ஒரு டீஸ்பூன் ஊற்றினால் கலைந்துவிடும்.

பல வகைகளை ஒரே மாலையில் பார்ப்பதானால் டெக்கீலா முதலில், மெஸ்கால் பிறகு. பிளாங்கோவிலிருந்து வயதானதற்கு, குறைந்த காரத்திலிருந்து கூடிய காரத்துக்கு. நான்கு குவளைக்கு மேல் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. நடுவே நிறையத் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. அன்று வண்டியைத் தொடக் கூடாது.

குறைகளை இப்படிப் பிடிக்கலாம். நகப்பூச்சு வாடை என்றால் முதல்வடி சரியாக ஒதுக்கப்படவில்லை. நனைந்த அட்டை, பழந்துணி வாடை என்றால் கடைவடி அதிகம். காடிப் புளிப்பு ஊறலில் நேர்ந்தது. எதுவுமே வராமல் வோட்கா மாதிரி வெறுமையாக எரிந்தால் டிஃப்யூசராக இருக்கலாம். மெஸ்காலில் சாம்பல் நக்கியது போலப் புகை மட்டும் நின்றால் குழியில் செடி கருகியிருக்கிறது. புகை அதிகமாக இருந்தால் நல்ல மெஸ்கால் என்பது பொய்.

உப்பு, எலுமிச்சை, கலவை

உப்பும் எலுமிச்சையும் மோசமான மதுவை மறைக்க நன்றாக வேலை செய்யும். நல்லதையும் அதே போல மறைத்துவிடும். ஹலிஸ்கோவில் டெக்கீலாவோடு சங்ரீத்தா என்ற சாற்றைத் தனிக் குவளையில் வைத்து மாறி மாறி உறிஞ்சுவார்கள். ஆரஞ்சுச் சாறு 120 மில்லி, எலுமிச்சைச் சாறு 30, மாதுளைச் சாறு 30, மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கலந்து ஒரு மணி நேரம் குளிர வைத்து வடிகட்டினால் நான்கு பேருக்கு ஆகும். தக்காளிச் சாறு சேர்ப்பவர்களும் உண்டு. மெஸ்காலோடு ஆரஞ்சுத் துண்டும், உலர்ந்த புழுவும் மிளகாயும் இடித்த உப்பும் தருவார்கள். மெஸ்காலைக் குடித்த பிறகு ஆரஞ்சைக் கடிக்க வேண்டும்.

கலவையில் விருப்பமிருந்தால் பிளாங்கோவையே எடுங்கள். மார்கரிட்டாவுக்கு டெக்கீலா 50 மில்லி, டிரிபிள் செக் என்ற ஆரஞ்சு மண இனிப்பு மது 20, எலுமிச்சைச் சாறு 15; ஐஸோடு 12 வினாடி குலுக்கி வடிகட்டவும். மெக்சிகோவின் சிறு எலுமிச்சையும் நம் நாட்டு எலுமிச்சையும் ஒரே இனம் என்பதால் இங்கே பிழிந்ததே சரியாகப் பொருந்தும். பாட்டில் சாறு வேண்டாம், கசக்கும். மெக்சிகோவில் வீடுகளில் மார்கரிட்டாவைவிடப் பலோமாதான் அதிகம் புழங்குகிறது: டெக்கீலா 50, எலுமிச்சைச் சாறு 10, உப்பு ஒரு சிட்டிகை, கிரேப்ஃப்ரூட் சோடா 100. அந்தச் சோடா கிடைக்காத ஊரில் பம்ப்ளிமாஸ் சாறு 60, சர்க்கரைப் பாகு 10, சாதா சோடா 60 சேர்த்தால் அருகே வந்துவிடும்.

வாட்ஸப்பில் சுற்றும் ஒரு செய்தியையும் நம்ப வேண்டாம். டெக்கீலாவில் உள்ள அகாவேச் சர்க்கரை நீரிழிவுக்கு நல்லது என்பது அது. வடித்த மதுவில் அகாவேயின் சர்க்கரையோ நாரோ வராது. மற்ற மதுவைப் போலவே இதுவும் உடலுக்குச் சுமைதான்.

திறந்த பாட்டிலை நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்தால் கார்க் அரிக்கும். வெளிச்சம் படாத அலமாரி போதும். பாதிக்குக் கீழே போனால் சிறிய பாட்டிலுக்கு மாற்றி ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. காற்று சேரச் சேர மணம் தட்டையாகும்.

கடைசியாக, குடித்து முடித்த குவளையை அன்றிரவு கழுவ வேண்டாம். காலையில் ஆல்கஹால் முழுதும் போன பிறகு காய்ந்த குவளையை முகர்ந்து பாருங்கள். சேர்மானம் போட்டதில் வனிலாவும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்லதில் சுட்ட கிழங்கும் ஈர மண்ணும் இன்னும் இருக்கும்.